ஃபார்மட்டா, எஸ்எஸ்டியா, லினக்ஸா, புதுசா? பத்து வயது தாண்டிய வீட்டுக் கணினிக்கு எந்த வழி

2013, 2014 வாக்கில் அசெம்பிள் செய்து வாங்கிய டெஸ்க்டாப்கள் இன்னும் நிறைய வீடுகளில் ஓடிக்கொண்டிருக்கின்றன. நான்காம் தலைமுறை இன்டெல் ஐ3, எச்81 மதர்போர்டு, 4 ஜிபி ரேம், 500 ஜிபி ஹார்ட் டிஸ்க், அதில் விண்டோஸ் 10. ஆன் செய்துவிட்டுப் போய்க் காபி போட்டு வந்தாலும் வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கும். கடைக்கு எடுத்துப் போனால் "ஃபார்மட் போட்டுடலாம் சார்" என்கிறார்கள், அதாவது டிஸ்க்கை அழித்து விண்டோஸைப் புதிதாகப் போடுவது. பிள்ளைகள் "புதுசு வாங்கிடலாம்ப்பா" என்கிறார்கள். விவரம் தெரிந்த ஒரு நண்பர் ஹார்ட் டிஸ்க்குக்குப் பதில் எஸ்எஸ்டி (சுழலும் தட்டு இல்லாமல் சிப்பில் சேமிக்கும் டிஸ்க்) மாட்டச் சொல்கிறார், இன்னொருவர் விண்டோஸுக்குப் பதில் லினக்ஸ் என்ற இலவச இயங்குதளம் போடச் சொல்கிறார்.

நான்குமே செய்யக்கூடியவைதான். ஆனால் பெரும்பாலும் செலவையும் வேகத்தையும் மட்டும் வைத்துத்தான் முடிவெடுக்கிறார்கள். அதற்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது: இந்த வேலையில் பழைய ஹார்ட் டிஸ்க்கின் மேல் ஏதாவது எழுதப்படுமா? குழந்தையின் முதல் பிறந்தநாள் படங்களும், இறந்துபோன தாத்தாவின் குரல் இருக்கும் வீடியோவும் அந்த ஒரு டிஸ்க்கில்தான் இருக்கின்றன என்றால், அதைத் தொடாத வழிக்கே முதல் இடம். இந்தக் கட்டுரையில் எல்லா வழிகளையும் நான் ஒப்பிடுவது அந்த ஒரு கண்ணோட்டத்தில்தான்.

கோளாறு டிஸ்க்கிலா, வேறெங்காவதா?

பழைய கணினியின் எல்லாக் கோளாறும் ஒரே அளவு ஆபத்தானது இல்லை. ஆன் செய்யும்போதெல்லாம் தேதி பழைய வருடத்துக்குப் போய்விடுகிறது, எந்தத் தளத்தைத் திறந்தாலும் இணைப்பு பாதுகாப்பானதில்லை என்று பிரௌசர் மறிக்கிறது என்றால் மதர்போர்டில் இருக்கும் சிஆர்2032 பட்டன் பேட்டரி தீர்ந்திருக்கும். 3 வோல்ட் பேட்டரி. மாற்றித் தேதியைச் சரிசெய்தால் வேலை முடிந்தது. பீப் பீப் என்று கத்திவிட்டுத் திரை வராவிட்டால் பெரும்பாலும் ரேம்தான். கழற்றி, அதன் தங்க நிறப் பட்டையை ரப்பரால் மெதுவாகத் துடைத்து, கிளிக் சத்தம் கேட்கும்வரை அழுத்தி மாட்டினால் பல சமயம் உயிர் வந்துவிடும். கொஞ்ச நேரம் ஓடிச் சூடானதும் அணைந்துபோகிறதா? ஃபேனில் தூசி அடைத்திருக்கும், இல்லை தெர்மல் பேஸ்ட் காய்ந்திருக்கும். மின்சாரம் லேசாக ஏறி இறங்கினாலே ரீஸ்டார்ட் ஆனால் எஸ்எம்பிஎஸ் (கணினிக்குள் மின்சாரம் தரும் பெட்டி), யுபிஎஸ் பேட்டரி இரண்டையும் பார்க்க வேண்டும். இந்த வேலைகள் எதற்கும் ஃபார்மட் தேவையில்லை. யாராவது தேவை என்று சொன்னால் வேறு கடைக்குப் போங்கள்.

டிஸ்க் போகப்போவதற்கான அறிகுறிகள் வேறு. கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் திறக்கும். அதில் பெர்ஃபார்மன்ஸ் பக்கத்தில் டிஸ்க்கைப் பாருங்கள். ஆன் செய்த சில நிமிடங்களுக்கு 100 சதவீதம் காட்டுவது விண்டோஸ் 10 ஓடும் எந்த ஹார்ட் டிஸ்க்குக்கும் இயல்பு. எல்லா வேலையும் அடங்கிய பிறகும் 100 சதவீதத்தில் நிற்கிறது, படிக்கும் வேகமோ நொடிக்கு ஒரு எம்பிகூட இல்லை, ரெஸ்பான்ஸ் டைம் ஆயிரக்கணக்கான மில்லிசெகண்டில் எகிறுகிறது என்றால் டிஸ்க் ஏதோ ஓர் இடத்தைப் படிக்க முடியாமல் திரும்பத் திரும்ப முயன்றுகொண்டிருக்கிறது.

உறுதி செய்துகொள்ள கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற இலவச மென்பொருள் போதும். நீலம் என்றால் நலம், மஞ்சள் எச்சரிக்கை, சிவப்பு மோசம். நிறத்தோடு நிற்காமல் 05, சி5, சி6 என்ற மூன்று வரிசைகளையும் பாருங்கள். 05 என்பது கெட்டுப்போனதால் டிஸ்க் தானே மாற்று இடம் கொடுத்த செக்டார்களின் (டிஸ்க்கைப் பிரித்திருக்கும் சிறு கட்டங்களின்) கணக்கு. சி5 என்பது படிக்க முடியாமல் முடிவு தெரியாமல் நிற்கும் செக்டார்கள். சி6 சரிசெய்யவே முடியாதவை. மூன்றும் பூஜ்யமாக இருந்தால் அவசரம் இல்லை, நிதானமாக வழியைத் தேர்ந்தெடுக்கலாம். சி5 பூஜ்யத்தைத் தாண்டி, அடுத்த நாள் பார்க்கும்போது இன்னும் கூடியிருந்தால் மற்ற எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு நகல் எடுக்கும் வேலையில் இறங்க வேண்டும். அந்த நிலையில் செக் டிஸ்க் (டிஸ்க்கில் பிழை தேடும் விண்டோஸ் கருவி) ஓட்டாதீர்கள், டிஃப்ராக் (சிதறிய கோப்புகளை ஒழுங்குபடுத்துவது) செய்யாதீர்கள். முழுப் பரப்பையும் படிக்க வைக்கும் எந்த வேலையும் நொண்டிக்கொண்டிருக்கும் டிஸ்க்கை மேலும் தள்ளிவிடும். 'டக்... டக்...' என்று சீராகத் தட்டும் சத்தம் கேட்டால் உடனே அணைத்துவிடுங்கள். அது வீட்டிலோ சாதாரணக் கடையிலோ சரிசெய்யக்கூடியது இல்லை. டேட்டா மீட்பதையே தொழிலாகச் செய்யும் ஆய்வகத்துக்கு, திறக்காமல், அப்படியே எடுத்துப் போக வேண்டியது.

நகல் எங்கே வைப்பது

"எல்லாம் டி டிரைவில் போட்டு வைத்திருக்கிறேன், கவலையில்லை" என்பதை எத்தனை பேர் சொல்லக் கேட்டிருக்கிறேன்! சி டிரைவும் டி டிரைவும் பெரும்பாலான வீட்டுக் கணினிகளில் ஒரே பீரோவின் இரண்டு தட்டுகள். ஃபார்மட் செய்யும்போது சி மட்டும் அழியும், டி தப்பும் என்ற அளவில் அது உதவும். டிஸ்க்கே போனால் இரண்டும் சேர்ந்துதான் போகும். அதோடு, டி-யில் போட்டோம் என்று நினைப்பவர்களின் டெஸ்க்டாப், டாக்குமென்ட்ஸ், டவுன்லோட்ஸ், பிக்சர்ஸ் எல்லாம் சி டிரைவில் யூசர்ஸ் ஃபோல்டருக்குள்தான் உட்கார்ந்திருக்கும். ஃபார்மட்டில் அதிகம் தொலைவது, கண்ணெதிரே டெஸ்க்டாப்பில் கிடந்த கோப்புகள்தான்.

பென் டிரைவ் ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குக் கொண்டுபோக நல்லது. வருடக்கணக்கில் வைத்திருக்க நம்ப முடியாது. மின்சாரம் படாமல் நெடுநாள் கிடந்தால் ஃப்ளாஷ் நினைவகம் தகவலை இழக்கக்கூடியது. கொள்ளளவைப் பொய்யாகக் காட்டும் போலிகளும் சந்தையில் உண்டு. 512 ஜிபி என்று காட்டும், உள்ளே அதில் ஒரு சிறு பங்குதான் இருக்கும். எஃப்ஏடி32 என்ற பழைய சேமிப்பு முறையில் இருக்கும் பென் டிரைவில் 4 ஜிபிக்கு மேற்பட்ட ஒரே கோப்பு ஏறாது. கல்யாண வீடியோவை நகல் எடுக்கும்போது இடம் இருந்தும் மறுப்பது இதனால்தான். டிவிடி 4.7 ஜிபி, 200 ஜிபிக்கு அது சரிப்படாது. ஆனால் ஒன்று: பழைய கல்யாண டிவிடிகளைப் படிக்க வீட்டில் மிச்சமிருக்கும் ஒரே டிரைவ் இந்தக் கணினியில் இருப்பதாக இருக்கலாம். இதை ஓய்வு கொடுத்து அனுப்பும் முன் அவற்றையும் நகல் எடுத்துவிடுங்கள். புது லேப்டாப்பில் அந்த வசதி இருக்காது.

உண்மையான போட்டி எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க்குக்கும் கிளவுடுக்கும் (இணையத்தில் சேமித்து வைப்பது) இடையில்தான்.

கிளவுடின் பலம், வீட்டில் தீயோ வெள்ளமோ திருட்டோ வந்தாலும் நகல் வேறிடத்தில் இருப்பது. பலவீனம், இடமும் நேரமும். கூகுள் இலவசமாகத் தரும் 15 ஜிபியை ஜிமெயில், டிரைவ், போட்டோஸ் மூன்றும் பங்கு போடுகின்றன. 2021 ஜூன் 1 முதல் போட்டோஸில் ஏற்றும் படங்களும் அந்தக் கணக்கில் வந்துவிட்டன. ஒன்டிரைவ் இலவசமாகத் தருவது 5 ஜிபி. விண்டோஸ் கேட்கிறதே என்று ஃபோல்டர் பேக்கப்புக்குச் சம்மதம் கொடுத்தால் அந்த 5 ஜிபி சீக்கிரமே நிரம்பி, அதற்கு மேல் ஏறாமல் நின்றுவிடும். பலர் அந்த எச்சரிக்கையைப் பார்ப்பதே இல்லை. நேரக் கணக்கும் பாருங்கள். நொடிக்கு 10 மெகாபிட் அப்லோட் வேகத்தில் 200 ஜிபி ஏற்ற நிற்காமல் சுமார் 44 மணி நேரம் ஆகும். அதையே பழைய யுஎஸ்பி 2.0 துளையில் எக்ஸ்டர்னல் டிஸ்க்குக்கு மாற்ற இரண்டு மணி நேரத்தை ஒட்டி, நீல நிற யுஎஸ்பி 3.0 துளையில் இன்னும் குறைவாக. சின்னச் சின்னக் கோப்புகள் ஆயிரக்கணக்கில் இருந்தால் கொஞ்சம் கூடும், அவ்வளவுதான். உயிர் ஊசலாடும் டிஸ்க்கை இரண்டு நாள் ஓட வைப்பதா, இரண்டு மணி நேரமா என்று பார்த்தால் முதல் நகலுக்கு எக்ஸ்டர்னல் டிஸ்க்தான் சரி.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். டிரைவ், ஒன்டிரைவ் போன்றவை ஒத்திசைவு செய்கின்றன. கணினியில் ஒரு ஃபோல்டரை அழித்தால் அங்கேயும் அழியும். குப்பைத் தொட்டியில் 30 நாள் இருக்கும், அப்புறம் போய்விடும். ஆகவே அதை மட்டுமே பேக்கப் என்று நம்பக் கூடாது.

எக்ஸ்டர்னல் டிஸ்க்கை வாங்குபவர்கள் செய்வது, அதைக் கணினியிலேயே நிரந்தரமாகச் செருகி வைத்துவிடுவது. கிராக் செய்த மென்பொருளோடு சேர்ந்து ரான்சம்வேர் (கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் வைரஸ்) வந்தால், அந்த நேரத்தில் இணைந்திருக்கும் எல்லா டிரைவையும் அது பூட்டும். மின்னழுத்தம் திடீரென எகிறினாலும் இரண்டும் சேர்ந்து அடிபடலாம். நகல் எடு, முறைப்படி எஜெக்ட் செய், கழற்று, அலமாரியில் வை. ஓடிக்கொண்டிருக்கும்போது மட்டும் மேஜையிலிருந்து தட்டிவிடாதபடி பார்த்துக்கொள்ளுங்கள்.

என் பரிந்துரை: 1 டிபி எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க்கில் எல்லாமும், கிளவுடில் திரும்பக் கிடைக்காதவை மட்டும். புகைப்படக் கலைஞர் பீட்டர் க்ரோ பரப்பிய 3-2-1 விதியும் இதைத்தான் கேட்கிறது: மூன்று பிரதிகள், இரண்டு வகைச் சாதனங்களில், ஒன்று வீட்டுக்கு வெளியே. பட்டாவும் வில்லங்கச் சான்றும் அரசுத் தளங்களிலிருந்து மறுபடி எடுத்துக்கொள்ளலாம். ஆதார், ஓட்டுநர் உரிமம் டிஜிலாக்கரில் கிடைக்கும். சினிமாக்களைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். அவற்றைக் கழித்துவிட்டுப் பார்த்தால் ஒரு குடும்பத்தின் ஈடுசெய்ய முடியாத கோப்புகள் பல சமயம் 100 ஜிபிக்குள் அடங்கிவிடும்.

தமிழில் எழுதுபவர்களுக்கு மட்டும் தனியாக ஒரு பேச்சு. பாமினி, வானவில் போன்ற பழைய எழுத்துருக்களில் தட்டச்சு செய்த கோப்புகள் இந்தக் கணினியில் இருக்கிறதா? அப்பா எழுதிய குடும்ப வரலாறு, கோயில் விழா அழைப்பிதழ், சங்கத்தின் கணக்கறிக்கை, எதுவானாலும். கோப்பை மட்டும் நகல் எடுத்து விண்டோஸை மறுபடி போட்டால் எழுத்துரு போய்விடும். திறந்து பார்த்தால் ஆங்கில எழுத்துகளின் குவியல்தான் தெரியும். சி டிரைவில் விண்டோஸ் ஃபோல்டருக்குள் இருக்கும் ஃபான்ட்ஸ் ஃபோல்டரை முழுதாக நகல் எடுங்கள். அதைவிட முக்கியம், பழைய கணினி ஓடும்போதே ஒவ்வொரு கோப்பையும் பிடிஎஃப் ஆகச் சேமித்துவிடுவது. எழுத்துரு அதற்குள்ளேயே பதிந்துவிடும், பிறகு எந்தக் கணினியிலும் ஃபோனிலும் படிக்கலாம். எல்லாக் கணினியிலும் தெரியும் யூனிகோடு எழுத்துக்கு மாற்றும் வேலையை நிதானமாகப் பின்னால் செய்துகொள்ளலாம். கடை கணக்கு டேலியில் இருந்தால் அதன் டேட்டா ஃபோல்டர், அவுட்லுக் பயன்படுத்தினால் அதன் பிஎஸ்டி கோப்பு, பிரௌசர் புக்மார்க்குகள், இவையும் டாக்குமென்ட்ஸுக்கு வெளியே ஒளிந்திருப்பவை.

விண்டோஸே திறக்காவிட்டால்? வேறொரு கணினியில், 8 ஜிபி பென் டிரைவில், ரூஃபஸ் என்ற இலவச மென்பொருள் மூலம் லினக்ஸ் மின்ட் (லினக்ஸில் ஒரு வகை) எழுதிக்கொண்டு, ஆன் செய்யும்போது எஃப்12 அல்லது எஃப்11 அழுத்தி அதிலிருந்து துவக்குங்கள். டிஸ்க்கில் எதையும் நிறுவாமலே லினக்ஸ் ஓடும், உங்கள் ஃபோல்டர்கள் தெரியும், எக்ஸ்டர்னலுக்கு இழுத்துப் போடலாம். செக்டார் கெட்டிருந்தால் விலைமதிப்பில்லாத சிறிய ஃபோல்டர்களை முதலில் எடுங்கள். நகல் நடுவில் தொங்கிக்கொண்டே இருந்தால் டிடிரெஸ்க்யூ என்ற கருவி உண்டு. அது நல்ல இடங்களை எல்லாம் முதலில் எடுத்துவிட்டு, கெட்ட இடங்களைக் குறித்து வைத்துக்கொண்டு பிறகு திரும்பி வரும். எந்த வழியில் எடுத்தாலும் நகலை இன்னொரு கணினியில் செருகி, பத்து இருபது கோப்புகளைத் திறந்து பார்த்த பிறகே அடுத்த வேலை.

இப்போது நான்கு வழிகள்

ஃபார்மட் செய்து அதே டிஸ்க்கில் விண்டோஸ் போடுவது செலவு குறைவு, அதனால்தான் கடைகளின் முதல் பதில் அதுவாக இருக்கிறது. வைரஸோ விண்டோஸ் கோப்புகளின் சிதைவோ காரணம் என்றால் பலன் தெரியும். டிஸ்க் தேய்ந்ததுதான் காரணம் என்றால் சில வாரம் சுறுசுறுப்பாகத் தெரிந்து மறுபடி பழைய கதை. நம் கேள்விக்கு வந்தால், நான்கில் மிக மோசமான வழி இது. மறந்துபோன ஒரு ஃபோல்டரின் மேலேயே புது விண்டோஸ் எழுதப்படும், பிறகு மீட்பது கடினம். கடையில் லைசென்ஸ் இல்லாத விண்டோஸை ஆக்டிவேட்டர் (லைசென்ஸ் இருப்பதுபோல் ஏமாற்றும் மென்பொருள்) வைத்துப் போட்டுக் கொடுத்தால் அதோடு வேறு என்ன வந்தது என்று யாருக்கும் தெரியாது.

எஸ்எஸ்டி மாற்றுவதுதான் இந்த வகைக் கணினிக்கு என் தேர்வு. காரணம் எளிது. நிமிடத்துக்கு 7200 முறை சுழலும் டிஸ்க் ஒரு சுற்றுக்கு 8.3 மில்லிசெகண்ட் எடுத்துக்கொள்கிறது. அதோடு ஹெட் நகரும் நேரத்தையும் சேர்த்தால் சிதறிக் கிடக்கும் கோப்புகளை நொடிக்கு நூறு தடவைகூடத் தொட முடியாது. விண்டோஸ் துவங்கும்போது தேவைப்படுவது அப்படிச் சிதறிக் கிடக்கும் ஆயிரக்கணக்கான துண்டுகள். எஸ்எஸ்டியில் சுழல்வதே எதுவும் இல்லை. பத்து வயது ஐ3-யின் வேகம் போதாமல் கணினி திணறுகிறது என்று நாம் நினைக்கிறோம். பல வீடுகளில் பிராசஸர் வேலையே இல்லாமல் டிஸ்க்குக்காகக் காத்துக்கொண்டிருக்கிறது.

இதில் நம் கேள்விக்குக் கிடைக்கும் பதில் இன்னும் நல்லது: பழைய டிஸ்க்கைக் கழற்றி எடுத்துவிடுவதால் அதில் எதுவுமே எழுதப்படுவதில்லை. மறந்த கோப்பு எதுவானாலும் அதில் அப்படியே இருக்கும். இதற்காக ஒரு விஷயத்தில் கண்டிப்பாக இருங்கள். புது எஸ்எஸ்டியில் விண்டோஸ் போடும்போது பழைய டிஸ்க்கின் கேபிளைப் பிடுங்கிவிடுங்கள். இரண்டும் மாட்டியிருந்தால் நிறுவும் திரையில் டிரைவ் 0, டிரைவ் 1 என்றுதான் தெரியும்; அவசரத்தில் தவறான வரியைத் தேர்ந்து டெலிட் அழுத்த ஒரு நொடி போதும். சரியானதைத் தேர்ந்தாலும் துவக்கக் கோப்புகளை பழைய டிஸ்க்கிலேயே விண்டோஸ் எழுதிவிடுவது உண்டு.

எச்81 போர்டுகளுக்கு வாங்க வேண்டியது 2.5 அங்குல சாட்டா எஸ்எஸ்டி. சின்னப் பட்டை வடிவில் வரும் எம்.2 வகைக்கு அவற்றில் பொதுவாக இடம் இருக்காது. போர்டில் இருக்கும் சாட்டா துளைகளில் இரண்டு நொடிக்கு 6 ஜிகாபிட், மற்றவை 3 ஜிகாபிட்; வேகமானதில் செருகச் சொல்லுங்கள். அதே சமயம் ரேமையும் 8 ஜிபி ஆக்கிவிடுவது நல்லது. டெஸ்க்டாப்புக்கு டிடிஆர்3, அந்தக் காலத்து லேப்டாப்பாக இருந்தால் 1.35 வோல்ட்டில் ஓடும் டிடிஆர்3எல். ஏற்கெனவே ஒழுங்கான லைசென்ஸ் இருந்தால் அது மதர்போர்டோடு சேர்ந்தது, டிஸ்க் மாறினாலும் இணையத்தில் இணைந்ததும் விண்டோஸ் தானே ஆக்டிவேட் ஆகிவிடும். பழையதை அப்படியே குளோன் செய்யலாமே என்றால், 500 ஜிபி டிஸ்க்கை 256 ஜிபி எஸ்எஸ்டிக்கு குளோன்ஜில்லா போன்ற நகலெடுக்கும் கருவிகள் நேரடியாக மாற்றாது, முதலில் பார்ட்டிஷனை (சி, டி போன்ற பிரிவுகளை) சுருக்க வேண்டும். கெட்டுக்கொண்டிருக்கும் டிஸ்க்கில் அந்த வேலை வேண்டாம். புதிதாக நிறுவுவதே சுத்தம். எஸ்எஸ்டி போகும்போது சத்தமில்லாமல் சட்டென்று போய்விடும் என்பதால் எக்ஸ்டர்னல் பேக்கப்பை மட்டும் கைவிடக் கூடாது.

எஸ்எஸ்டி தீர்க்காதது விண்டோஸ் 10-இன் வயதை. அதற்கான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14 அன்று நிறுத்தியது. வீட்டுக் கணினிகளுக்கு 2026 அக்டோபர் 13 வரை பாதுகாப்பு அப்டேட் நீட்டிப்பு அறிவித்தது. மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்து செட்டிங்ஸை ஒத்திசைத்தால் அதற்குப் பணம் கட்ட வேண்டியதில்லை. விண்டோஸ் 11 கேட்பதோ டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி, இன்டெல் என்றால் பொதுவாக எட்டாம் தலைமுறை. குறுக்கு வழியில் ஏற்றலாம், ஆனால் அப்படி ஏற்றிய கணினிக்கு அப்டேட் கிடைக்கும் என்று மைக்ரோசாஃப்ட் உத்தரவாதம் தருவதில்லை. வங்கிக் கணக்கைத் திறக்கும் கணினியில் அதை நான் செய்யச் சொல்ல மாட்டேன்.

அங்கேதான் லினக்ஸ் வருகிறது. லினக்ஸ் மின்ட்டின் எக்ஸ்எஃப்சிஇ என்ற இலகுவான பதிப்பு 4 ஜிபி ரேமில் நன்றாக ஓடும், 22ஆம் பதிப்புக்கு 2029 வரை அப்டேட் உண்டு, தமிழ்99 விசைப்பலகையும் கிடைக்கும். வீட்டில் கணினியின் உபயோகம் யூடியூப், மின்னஞ்சல், மின் கட்டணம், ரயில் டிக்கெட் என்றால் எல்லாமே பிரௌசருக்குள் முடிவதுதான், தயங்கத் தேவையில்லை. டேலியோ, பழைய எழுத்துருவை நம்பிய டிடிபி வேலையோ, குறிப்பிட்ட ஒரு விண்டோஸ் மென்பொருளோ அன்றாடம் வேண்டும் என்றால் வேண்டாம், தினமும் மல்லுக்கட்ட வேண்டி வரும். லினக்ஸையும் புது எஸ்எஸ்டியில்தான் போட வேண்டும். பழைய டிஸ்க்கில் விண்டோஸுக்குப் பக்கத்தில் இடம் பிரித்துப் போடுவது ஃபார்மட்டுக்குச் சற்றும் குறையாத ஆபத்து.

புதுசு வாங்குவது எப்போது சரி? மதர்போர்டில் கெப்பாசிட்டர்கள் உப்பியிருந்தால், டிஸ்ப்ளே தரும் சிப் போய்விட்டால், பிள்ளைகளின் படிப்புக்கு வீடியோ எடிட்டிங், புரோகிராமிங் என்று தேவை வளர்ந்துவிட்டால் பழையதில் பணம் போடாதீர்கள். கோர் 2 டுவோ காலத்துக் கணினிக்கும் இதே பதில்தான். அலுவலகங்கள் கழித்த செகண்ட் ஹேண்ட் டெஸ்க்டாப்பும் நல்ல தேர்வு; சென்னை ரிச்சி தெருவில் மட்டுமில்லை, பெரிய ஊர்கள் பலவற்றிலும் கிடைக்கிறது. 'ஐ5 சார், நல்ல மெஷின்' என்பதோடு விட்டுவிடாமல் முழு எண்ணையும் கேளுங்கள். ஐ5-8400 எட்டாம் தலைமுறை, விண்டோஸ் 11 ஏறும். ஐ3-4150 நான்காம் தலைமுறை, உங்கள் வீட்டில் இருப்பதுதான்.

புதுசு வந்த அன்றே பழையதை எக்ஸ்சேஞ்சில் தூக்கிக் கொடுக்காதீர்கள். ஹார்ட் டிஸ்க்கை மட்டும் கழற்றி வைத்துக்கொண்டு மீதியைக் கொடுங்கள். அதற்காகச் சில நூறு குறைத்தாலும் பரவாயில்லை. பின்னால் அதிலிருந்து ஏதாவது வேண்டுமென்றால் சாட்டாவை யுஎஸ்பியாக மாற்றும் கேபிள் வாங்கி இணைத்துப் படிக்கலாம். லேப்டாப்பின் 2.5 அங்குல டிஸ்க்குக்கு யுஎஸ்பி தரும் மின்சாரமே போதும். டெஸ்க்டாப்பின் 3.5 அங்குல டிஸ்க்குக்குத் தனியாக 12 வோல்ட் அடாப்டரோடு வரும் கேபிளோ டாக்கோ வேண்டும், கடையில் அதைச் சொல்லியே கேளுங்கள்.